வாங்குபவர்கள் எத்தனை பேர்? – வாசகர் கேள்வி பதில்

வழக்கமாக எந்த ஹீரோ எந்த டைரக்டரோடு சேருகிறார் என்று கேட்டுத்தான் கடிதம் வரும். இந்த முறை எந்தக் கம்பெனி எந்தக் கம்பெனியோடு சேருகிறது என்று கேட்டு வந்திருக்கிறது, அதுவும் பாதிக்கு மேல் எங்கள் சேலத்துக்காரர்களிடமிருந்து. சொந்த ஊர் ஆட்கள் கேட்டால் தட்ட முடியுமா, இந்த 2025 டிசம்பர் கடைசி இதழ் முழுக்க அதற்கே. பெயர் போட வேண்டாம் என்று சிலர் எழுதியிருந்ததால் யாருக்குமே பெயர் போடவில்லை, ஊர் மட்டும்.

வார்னர் பிரதர்ஸை நெட்ஃபிளிக்ஸ் வாங்கிவிட்டது என்று பேப்பரில் படித்தேன். மூன்று நாள் கழித்து அதே பேப்பரில் பாரமவுண்ட் இன்னும் அதிக விலை கேட்கிறது என்று போட்டிருக்கிறார்கள். விற்று முடிந்ததை இன்னொருவர் எப்படி விலை கேட்க முடியும்?
*– ஓய்வு பெற்ற ஆசிரியை, அம்மாப்பேட்டை*

விற்று முடியவில்லை டீச்சர். விற்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். டிசம்பர் 5-ஆம் தேதி அறிவித்தது இது: வார்னரின் ஸ்டூடியோக்களும் எச்பிஓ மேக்ஸ் என்ற அதன் ஓடிடியும் நெட்ஃபிளிக்ஸுக்கு, பங்கு ஒன்றுக்கு 27.75 டாலர், கடனையும் சேர்த்துப் பார்த்தால் 8,270 கோடி டாலர். நம் காசில் ஏழு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல், தமிழ்நாடு அரசின் ஒரு வருட வருவாயைப் போல இரண்டு மடங்கு தாண்டும். சிஎன்என், டிஸ்கவரி போன்ற டிவி சேனல்கள் இதில் சேராது, அவை தனிக் கம்பெனியாகப் பிரியும் என்று ஏற்பாடு.

டிசம்பர் 8-ஆம் தேதி இன்னொரு ஹாலிவுட் ஸ்டூடியோவான பாரமவுண்ட் வந்தது. பங்குக்கு 30 டாலர், முழுக்க ரொக்கம், சேனல்களையும் சேர்த்து மொத்த வார்னரும் வேண்டும், கணக்கு 10,840 கோடி டாலர். இதை வார்னரின் இயக்குநர் குழு சம்மதிக்கட்டும் என்று காத்திருக்காமல், பங்கு வைத்திருப்பவர்களிடமே நேராகப் போய் ‘உங்கள் பங்கை எங்களிடம் கொடுங்கள்’ என்று கேட்டுவிட்டார்கள். இதைத்தான் ஹாஸ்டைல் பிட் என்கிறார்கள். பங்குச் சந்தையில் லிஸ்ட் ஆன கம்பெனியில் இது சட்டப்படி செல்லும், ஏனென்றால் முதலாளி பங்குதாரர்தான், இயக்குநர் குழு அவர்கள் வைத்த நிர்வாகி. வார்னர் குழு டிசம்பர் 17-ஆம் தேதி ‘கொடுக்காதீர்கள், நெட்ஃபிளிக்ஸ் ஒப்பந்தம்தான் நல்லது’ என்று பங்குதாரர்களுக்குச் சொன்னது. பாரமவுண்டின் பணம் உண்மையில் எங்கிருந்து வருகிறது என்பது அவர்கள் எழுப்பிய சந்தேகங்களில் ஒன்று. உடனே பாரமவுண்டை நடத்தும் டேவிட் எல்லிசனின் அப்பா, ஆரக்கிள் கம்பெனியைத் தொடங்கிய லாரி எல்லிசன், 4,040 கோடி டாலருக்குத் தன் சொந்தப் பொறுப்பில் உத்தரவாதம் கொடுத்தார். மகன் படம் எடுக்க அப்பா காட்டை அடமானம் வைக்கிற கதை நம் ஓமலூர், ஆத்தூர் பக்கம் தெரிந்ததுதானே, அதே கதைதான், பூஜ்ஜியங்கள் மட்டும் கூடுதல்.

எனக்கு இதில் விலையைவிட முக்கியமாகப் படுவது வேறு. ஹாலிவுட்டில் பெரிய ஸ்டூடியோ என்று சொன்னால் ரொம்ப காலம் ஆறு இருந்தது. 2019-ல் ஃபாக்ஸை டிஸ்னி வாங்கியது, ஐந்து ஆனது. பாரமவுண்ட் ஜெயித்தால் அது நான்காகும். நெட்ஃபிளிக்ஸ் ஜெயித்தால் ஸ்டூடியோ எண்ணிக்கை அப்படியே இருப்பது போலத் தெரியும், ஆனால் ஒரு கதையை எடுத்துக்கொண்டு நெட்ஃபிளிக்ஸிடம் ஒரு விலை, எச்பிஓவிடம் ஒரு விலை என்று கேட்க முடிந்த ஆளுக்கு இனி ஒரே விலைதான். யார் ஜெயித்தாலும் வாங்குகிற ஆளில் ஒருவர் குறைவார். இந்த இதழில் இதையே வேறு வேறு கேள்விக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஜய் டிவியில் இருக்கும் விஜய் யார், நடிகரா?
*– பள்ளி மாணவன், கொண்டலாம்பட்டி*

இல்லை தம்பி, விஜய் மல்லையா. முதலில் கோல்டன் ஈகிள் கம்யூனிகேஷன், சுருக்கமாக ஜிஇசி என்று இருந்த சேனலை அவருடைய யுபி குழுமம் வாங்கித் தன் முதலாளி பெயரை வைத்தது. அப்புறம் யுடிவி கைக்குப் போய், 2001-ல் ஸ்டார் கைக்கு வந்தது. ஸ்டார் அப்போது வெளிநாட்டு மீடியா முதலாளி ரூப்பர்ட் மர்டாக்குடையது. 2019 மார்ச்சில் மர்டாக்கின் ஃபாக்ஸை 7,130 கோடி டாலருக்கு டிஸ்னி வாங்கியபோது மூட்டையோடு மூட்டையாக ஸ்டார் இந்தியாவும், அதற்குள் விஜய்யும் டிஸ்னிக்குப் போயின. 2024 நவம்பர் 14 முதல் ஜியோஸ்டார், அதாவது ரிலையன்ஸும் டிஸ்னியும் சேர்ந்த கம்பெனி. இத்தனை முதலாளி மாறியும் பெயர் மட்டும் மாறவில்லை பார், மல்லையா லண்டனுக்கே போய்விட்டார்.

எங்கள் எஸ்டேட்டில் மழைக்காலம் வந்தால் நெட் நிற்காது, டிடிஎச் மட்டும்தான் கதி. விஜய், கலர்ஸ் தமிழ், கிரிக்கெட் எல்லாம் இப்போது ஒரே கம்பெனி என்கிறார்கள். ரீசார்ஜ் தொகை இன்னும் ஏறுமா?
*– காப்பித் தோட்டக்காரர், நாகலூர், ஏற்காடு*

ஏறலாம் ஐயா, ஆனால் நேரடியாகக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏறாது. அது எப்படி என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கணக்கு டிராய் என்ற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகளுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது.

2019-ல் டிராய் ஒரு முறை கொண்டுவந்தது, அப்புறம் அதைத் திருத்தவும் செய்தது. ஒவ்வொரு கட்டணச் சேனலுக்கும் தனி விலை போட்டு வெளியிட வேண்டும், பார்ப்பவர் வேண்டியதை மட்டும் தனித்தனியாக எடுத்துக்கொள்ளலாம். சேனல்காரர்கள் பல சேனலைச் சேர்த்துப் பேக் போட்டும் விற்கலாம், ஆனால் 19 ரூபாய்க்கு மேல் விலை வைத்த சேனலைப் பேக்கில் சேர்க்கக் கூடாது, தனித்தனி விலைகளின் கூட்டுத்தொகையில் 45 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி தரக் கூடாது. கேட்க நன்றாக இருக்கிறது. நடப்பது என்ன? உங்களுக்கு வேண்டியது ஒரு சீரியல் சேனலும் ஒரு ஸ்போர்ட்ஸ் சேனலும். அவை இரண்டையும் தனித்தனியாக வாங்கினால் வரும் தொகைக்கும் பத்துப் பன்னிரண்டு சேனல் உள்ள பேக்குக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. சரி, பேக்கையே போடு என்று விடுகிறோம். அதில் நாம் ஒருநாளும் திறக்காத சேனல்களுக்கும் காசு போகிறது.

முன்பு ஸ்டார் ஒரு பேக், கலர்ஸ் சேனல்களை வைத்திருந்த ரிலையன்ஸ் தரப்பு வயாகாம்18 ஒரு பேக், இரண்டு பேரும் உங்கள் பாக்கெட்டில் இருக்கும் அதே தொகைக்குப் போட்டி போட்டார்கள். ஒருவர் விலையைக் கூட்டினால் இன்னொருவரிடம் போய்விடுவோம் என்ற பயம் இரண்டு பேருக்கும் இருந்தது. இப்போது அந்த இருவருக்கும் நடுவில் அந்தப் பயம் இல்லை. கிரிக்கெட் வேறு அவர்களிடம் சேர்ந்துவிட்டது. 2022-ல் ஐபிஎல் உரிமை ஏலம் நடந்தபோது டிவி உரிமையை 23,575 கோடிக்கு ஸ்டார் எடுத்தது, டிஜிட்டல் உரிமையை எதிர்த்து நின்று வயாகாம்18 எடுத்தது. மொத்தம் 48,390 கோடி. அந்த இரண்டு பேரும்தான் இன்றைக்கு ஒரே கம்பெனி. போட்டி போட்டு ஏலத்தில் ஏற்றிவிட்ட தொகையை இனி ஒரே கையாக நம்மிடம் வசூலிக்கலாம்.

செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உங்கள் டிடிஎச் கம்பெனியின் ஆப்பிலோ கஸ்டமர் கேரிலோ பேக்கை நீக்கிவிட்டு வேண்டிய சேனலை மட்டும் தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள், அப்படித் தர மாட்டோம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. தூர்தர்ஷன் சேனல்கள் எப்படியும் வரும், இலவசச் சேனல்களும் நிறைய இருக்கின்றன. ஆனால் என்சிஎஃப் என்று ஒரு அடிப்படைக் கட்டணம் இருக்கிறதே, அதற்கு இருந்த உச்சவரம்பை 2024-ல் எடுத்துவிட்டார்கள், அதனால் அதையும் ஒருமுறை பில்லில் பாருங்கள். கையில் பேப்பர் பேனாவோடு உட்கார்ந்தால் அரை மணி நேர வேலை.

இவ்வளவு பெரிய கம்பெனிகள் சேருவதைத் தடுக்க நம் நாட்டில் ஆளே கிடையாதா? எங்களை மாதிரி சாதாரண ஜனங்கள் கருத்துச் சொல்ல முடியுமா?
*– வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர், செவ்வாய்ப்பேட்டை*

இருக்கிறது. இந்தியப் போட்டி ஆணையம், சிசிஐ என்று பேப்பரில் வரும். 2002-ஆம் வருடச் சட்டத்தின்படி அமைந்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்தோ விற்பனையோ உள்ள கம்பெனிகள் சேருவதற்கு முன்னால் அங்கே அனுமதி வாங்க வேண்டும், வாங்காமல் சேர்ந்தால் அபராதம். ஆணையம் 150 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அப்படியே விடலாம், நிபந்தனை போடலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம்.

ஸ்டார், வயாகாம்18 இணைப்பு 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டு ஆகஸ்ட் 28-இல் நிபந்தனையோடு அனுமதி பெற்றது. மதிப்பு 70,352 கோடி ரூபாய். ஏழு சேனல்களைக் கைவிட ஒப்புக்கொண்டார்கள், கிரிக்கெட் விளம்பர நேரத்தை டிவிக்கும் ஓடிடிக்கும் சேர்த்து மூட்டை கட்டி விற்க மாட்டோம் என்றும் எழுதிக் கொடுத்தார்கள். நூற்றுக்கும் மேல் சேனல் உள்ள இடத்தில் ஏழு போவது பெரிய நஷ்டம் என்று எனக்குத் தோன்றவில்லை. விளம்பர நிபந்தனை உருப்படியானது, ஆனால் அது விளம்பரம் கொடுப்பவருக்கான பாதுகாப்பு, நாகலூர் தோட்டக்காரருக்கானது இல்லை.

கருத்துச் சொல்லலாமா என்றால், ஆணையம் தீவிர விசாரணைக்கு எடுத்துக்கொண்டு பொது அறிவிப்பு கொடுக்கச் சொன்னால் யார் வேண்டுமானாலும் எழுதலாம். நிறைய வழக்குகள் அந்தக் கட்டத்துக்கே போகாமல் முடிந்துவிடுகின்றன. அமெரிக்காவில் அரசே கோர்ட்டுக்குப் போகும். இதே வார்னர் டைம் வார்னர் என்ற பெயரில் இருந்தபோது, அதை ஏடி அண்ட் டி என்ற டெலிபோன் கம்பெனி 8,540 கோடி டாலருக்கு வாங்குவதை எதிர்த்து 2017-ல் அரசு வழக்குப் போட்டது, 2018-ல் தோற்றது. ஜெயித்த ஏடி அண்ட் டி மூன்றே வருடத்தில் ‘இது நமக்குச் சரிப்படாது’ என்று பிரித்துவிட அறிவித்தது தனிக் கதை.

சோனியும் ஜீயும் சேரப் போகிறோம் என்று இரண்டு வருடம் சொன்னார்களே, என்ன ஆயிற்று?
*– ஜவுளிக்கடை ஊழியர், குகை*

2021 செப்டம்பரில் பேச்சு, சிசிஐ அனுமதி, கோர்ட் அனுமதி எல்லாம் வாங்கி, கடைசியில் தலைமை நாற்காலியில் யார் உட்காருவது என்பதில் முட்டிக்கொண்டு 2024 ஜனவரி 22-இல் சோனி விலகிவிட்டது. அப்புறம் ஒருவர் மேல் ஒருவர் நஷ்டஈடு கேட்டு, அந்த ஆகஸ்டில் சமாதானம். கல்யாண மண்டபம் வரை வந்து என்றெல்லாம் எழுத ஆசைதான், எல்லாரும் எழுதிவிட்டார்கள்.

எச்பிஓ தொடர் ஒன்றைப் பாதி பார்த்திருந்தேன். ஒருநாள் ஆப்பிலிருந்தே காணோம். வேறு ஆப்பில் தேடிப் பிடித்தேன், அந்த ஆப்பே இப்போது இல்லை. இதுவும் இணைப்பால்தானா?
*– கல்லூரி மாணவி, அஸ்தம்பட்டி*

ஆமாம்மா, உங்கள் கடிதம் இந்தியாவில் எச்பிஓ போன பாதையை அப்படியே சொல்கிறது. 2023 மார்ச் 31 வரை ஹாட்ஸ்டாரில். ஒப்பந்தம் முடிந்ததும் ஜியோசினிமாவுக்குப் போயிற்று. 2025 பிப்ரவரி 14-இல் ஜியோசினிமாவும் ஹாட்ஸ்டாரும் ஜியோஹாட்ஸ்டார் ஆனபோது கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்தாயிற்று. அமெரிக்காவிலும் கூத்துதான், எச்பிஓ மேக்ஸ் என்று இருந்ததை 2023-ல் வெறும் மேக்ஸ் ஆக்கி, 2025-ல் மறுபடி எச்பிஓ மேக்ஸ் ஆக்கினார்கள்.

மாதச் சந்தா கட்டும்போது நாம் வாங்குவது கதவைத் திறந்து பார்க்கும் அனுமதியை மட்டுமே. உள்ளே இருக்கும் சரக்கு வேறொருவருடையது, அவர் குத்தகை முடிந்தால் எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஆகவே வருடச் சந்தா கட்டுவதற்கு முன்னால் யோசியுங்கள். ஒரு தொடருக்காக ஒரு ஆப் என்றால் ஒரு மாதம் போட்டு, பார்த்து முடித்து, நிறுத்திவிடுவதுதான் புத்திசாலித்தனம். ஆட்டோபே போடாதீர்கள், அதில்தான் பாதி பேர் மாட்டுகிறார்கள்.

முப்பது வருடமாகக் கேபிள் தொழில். ஒரு காலத்தில் எங்களைக் கேட்காமல் ஊரில் டிவி ஓடாது. இப்போது வீட்டுக்கு வீடு ஃபைபர் கனெக்‌ஷன் கொடுத்து அதிலேயே எல்லா சேனலும் தருகிறார்கள். பெரிய கம்பெனிகள் சேரச் சேர எங்களுக்கு என்ன மிஞ்சும்?
*– கேபிள் ஆபரேட்டர், ஓமலூர்*

அண்ணா, கசப்பாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களுக்கு மேலே எம்எஸ்ஓ, அதாவது உங்களுக்குச் சிக்னல் தருகிற பெரிய கேபிள் கம்பெனி, அவருக்கு மேலே சேனல். நடுவில் இருப்பவரின் பலம், மேலே பல பேர் இருந்து ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொள்வதில்தான் இருந்தது. 2018 அக்டோபரிலேயே டென், ஹாத்வே என்ற இரண்டு பெரிய கேபிள் கம்பெனிகளில் பெரும்பங்கை ரிலையன்ஸ் வாங்கிவிட்டது. செல்போன் அவர்களிடம், ஃபைபர் அவர்களிடம், கேபிள் அவர்களிடம், இப்போது சேனலும் அவர்களிடம். குழாயும் தண்ணீரும் ஒரே ஆளுக்குச் சொந்தமானால் நடுவில் வால்வு திருப்புகிறவருக்குப் பேரம் பேச இடம் குறைந்துவிடும்.

ஆனால் இந்தத் தொழிலில் பெரிய ஆள் சின்ன ஆளை நெருக்குவது புதிதும் இல்லை, உங்களுக்கே என்னைவிட நன்றாகத் தெரியும். தமிழ்நாட்டில் சேனலும் கேபிளும் சன் டிவியின் மாறன் குடும்பம் ஒன்றிடமே இருக்கிறது என்ற சண்டையில்தான் 2007-ல் அரசு கேபிள் கம்பெனியே பிறந்தது. மாறன் குடும்பமும் அன்றைய முதல்வர் கருணாநிதியின் குடும்பமும் சமாதானம் ஆனதும் அது தூங்கிப் போனது, 2011-ல் ஜெயலலிதா வந்து 70 ரூபாய்க்குக் கேபிள் என்று எழுப்பினார். அரசியல் காரணத்துக்காகப் பிறந்தது என்றாலும், அந்த 70 ரூபாய் இருந்ததால்தான் மற்றவர்களும் அடக்கி வாசித்தார்கள். போட்டிக்கு ஒரு ஆள், அது அரசாங்கமே ஆனாலும் சரி, இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே உதாரணம் அதுதான்.

உங்களுக்கு மிஞ்சுவது ஒயர் போட்ட வீடுகளும் அந்த வீட்டுக்காரர்கள் உங்கள் நம்பரை மனப்பாடமாக வைத்திருப்பதும். பல ஆபரேட்டர்கள் ஏற்கெனவே பிராட்பேண்ட் ஃபிரான்சைஸ் எடுத்து நெட்டையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஒரே கம்பெனியோடு மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள், இரண்டு மூன்று பேரோடு வைத்துக்கொள்ளுங்கள்.

சினிமா விநியோகத்தில் ‘சேலம் ஏரியா’ என்று ஒரு கௌரவம் இருந்தது. பிவிஆரும் ஐநாக்ஸும் சேர்ந்த பிறகு அந்த ஏரியாவுக்கு மதிப்பு இருக்கிறதா?
*– முன்னாள் விநியோகஸ்தரின் மகன், ஐந்து ரோடு*

இளைய வாசகர்களுக்காக: ஒரு தமிழ்ப் படத்தின் தியேட்டர் உரிமையைச் சென்னை, செங்கல்பட்டு, கோவை, மதுரை, திருச்சி, நெல்லை, சேலம் என்று ஏரியா ஏரியாவாகப் பிரித்து விற்பார்கள். சேலம் ஏரியா என்றால் பழைய சேலம் ஜில்லா முழுவதும், அதாவது தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் அடக்கம். எம்ஜிக்கு, அதாவது படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இவ்வளவு என்று உறுதியான தொகை கொடுத்து, எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்களும் உண்டு, ஒரே படத்தில் வீடு கட்டியவர்களும் உண்டு.

2018-ல் சென்னை சத்யம் குழுமமான எஸ்பிஐ சினிமாஸை பிவிஆர் வாங்கியது. 2022 மார்ச்சில் ஐநாக்ஸோடு இணைப்பை அறிவித்து 2023 பிப்ரவரியில் முடித்தது, 1,500-க்கும் மேற்பட்ட திரைகள். இதில் வேடிக்கை, நாட்டின் முதல் இரண்டு மல்டிபிளெக்ஸ் கம்பெனிகள் சேர்ந்த இந்த இணைப்புக்குச் சிசிஐயின் முன் அனுமதி தேவைப்படவே இல்லை. கொரோனாவில் தியேட்டர்கள் மூடிக் கிடந்து வருமானம் சரிந்திருந்ததால், அனுமதி வாங்க வேண்டிய வரம்புக்குக் கீழே இருந்தார்கள். ஒரு நுகர்வோர் அமைப்பு புகார் கொடுத்தும் ஆணையம் தள்ளிவிட்டது. கணக்குப் புத்தகத்தில் ஒரு கெட்ட வருடம் வந்தது இப்படியும் உதவும்.

இத்தனை திரை ஒரு கையில் இருந்தால், வசூலில் பங்கு எத்தனை சதவீதம், எத்தனை ஷோ என்பதை அவர்கள் தயாரிப்பாளரோடு மேலிடத்திலேயே பேசி முடித்துக்கொள்கிறார்கள், சேலம் ஆபீஸில் உட்கார்ந்து பேச வேண்டிய தேவை குறைகிறது. ஆனால் ஏரியா செத்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆத்தூர், எடப்பாடி, மேட்டூர், அரூர் எல்லாம் இன்னும் தனியார் தியேட்டர்கள்தான், அங்கே யாருக்கு எத்தனை நாள் படம் தாங்கும் என்று உங்கள் அப்பா மாதிரி ஆட்களுக்குத்தான் தெரியும். டிக்கெட்டுக்கு நம் மாநிலத்தில் அரசு வரம்பு இருக்கிறது, பாப்கார்னுக்கு இல்லை, அதையும் நினைவில் வையுங்கள். அமெரிக்காவில் ஸ்டூடியோக்கள் தியேட்டரை வைத்திருக்கக் கூடாது என்று 1948-ல் சுப்ரீம் கோர்ட்டு வழக்கு ஒன்றில் பிரித்துவிட்டார்கள், அந்த ஏற்பாட்டை 2020-ல் ரத்து செய்தாயிற்று. 2024-ல் சோனி ஒரு தியேட்டர் செயினையே வாங்கியும்விட்டது.

நான் வெப் சீரிஸுக்குக் கதை எழுதி வைத்திருக்கிறேன். கம்பெனிகள் பெரிதானால் பட்ஜெட்டும் பெரிதாகும், எங்களைப் போன்ற புதியவர்களுக்கு நல்லதுதானே? சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் பெரிதாக இருந்ததால்தானே அத்தனை பேருக்கு வாய்ப்பு கிடைத்தது?
*– உதவி இயக்குநர், சூரமங்கலம்*

நல்ல கேள்வி தம்பி. இரண்டாவது பாதியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஊர்ப் பாசம்.

ஏற்காடு ரோட்டில் அந்த வளைவு இன்னும் நிற்கிறது, பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பாய். டி.ஆர். சுந்தரம் லீட்ஸில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்து, 1930-களின் நடுவில் இங்கே ஸ்டூடியோ கட்டினார். மலையாளத்தின் முதல் பேசும் படமான பாலன் 1938-ல் வந்தது அவர் தயாரிப்பில்தான், அன்றைக்குக் கேரளத்துக்காரர்கள் படம் எடுக்கச் சேலம் வந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். கலைஞர் கருணாநிதி இங்கே தங்கி வசனம் எழுதினார், 1950-ல் மந்திரிகுமாரி இந்த ஸ்டூடியோ படம். 1956-ல் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமும் இங்கிருந்துதான். நடிகர்களிலிருந்து டெக்னீஷியன் வரை மாதச் சம்பளம், கண்டிப்பு என்றால் அப்படி ஒரு கண்டிப்பு.

அது பெரிதாக இருந்ததால் வாய்ப்பு வந்தது என்பது பாதி உண்மை. மீதிப் பாதி, அன்றைக்குச் சென்னையில் ஜெமினியும் ஏவிஎம்மும் கோவையில் பக்ஷிராஜாவும் தனித்தனியாக நின்றன. இங்கே ஒத்துவராத எழுத்தாளன் ரயில் ஏறி அங்கே போக முடிந்தது. அது முதலாளிக்கும் தெரியும், அதனால் நல்ல ஆளுக்கு நல்ல சம்பளம் கொடுத்தார். இந்த நான்கும் ஒரே கம்பெனியாக இருந்திருந்தால்? கண்டிப்பு மட்டும் மிஞ்சியிருக்கும். 1963-ல் சுந்தரம் காலமானார், அதன் பிறகு தொழில் முழுக்கக் கோடம்பாக்கத்தில் குவிந்தது, சேலத்து ஆள் வேலைக்குச் சென்னைக்கு ஓட வேண்டியதாயிற்று.

இப்போது உன் கதைக்கு வருவோம். 2024 தொடக்கத்தில் ஒரு தமிழ்க் கதையை ஹாட்ஸ்டாருக்கும் கொண்டு போகலாம், ஜியோசினிமாவுக்கும் கொண்டு போகலாம். இன்றைக்கு அது ஒரே வாசல், ஒரே ஆபீஸில் ஒரே அதிகாரி வேண்டாம் என்று சொன்னால் இரண்டு இடத்திலும் வேண்டாம் என்று அர்த்தம். மிச்சம் நெட்ஃபிளிக்ஸ், பிரைம், ஜீ5, சோனி லிவ், சன் நெக்ஸ்ட், ஆஹா. இதில் தமிழுக்குத் தொடர்ந்து பணம் போடுகிறவர் யார் என்று எண்ணினால் விரல் மிஞ்சும். படத் தயாரிப்பாளர்களும் இதைத்தான் புலம்புகிறார்கள், முன்பு டிஜிட்டல் ரைட்ஸ் என்று சொன்ன தொகை இப்போது வருவதில்லை, சில படங்களுக்கு ரிலீஸ் தேதியையே ஓடிடி கம்பெனிதான் சொல்கிறது என்று.

பட்ஜெட் பெரிதாகும் என்கிறாய். இணைப்பு முடிந்த வீட்டில் முதலில் நடப்பது செலவுக் குறைப்பு. ஒரே வேலையை இரண்டு பேர் செய்கிறார்கள் என்று ஒருவரை அனுப்புவார்கள், அப்புறம் கடனைக் கட்ட வேண்டும். வார்னரும் டிஸ்கவரியும் 2022 ஏப்ரலில் சேர்ந்தன, தலையில் 5,000 கோடி டாலருக்கு மேல் கடன். அந்த ஆகஸ்டிலேயே ஏறக்குறைய 9 கோடி டாலர் செலவில் எடுத்து முடிக்கும் நிலையில் இருந்த பேட்கேர்ல் படத்தை வெளியிடவே மாட்டோம் என்று அலமாரியில் வைத்துவிட்டார்கள். வரிக் கணக்கில் நஷ்டமாக எழுதிக்கொள்வதில் லாபம் என்று பத்திரிகைகள் எழுதின. படம் நன்றாக இல்லை என்று விமர்சனம் வந்து ஒதுங்கினால் ஒரு டைரக்டர் தாங்கிக்கொள்ளலாம், யாருமே பார்க்காமல் கணக்கரின் ஒரு வரியில் போனால் என்ன செய்வார்?

இணைப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2006-ல் பிக்சார் என்ற அனிமேஷன் கம்பெனியை டிஸ்னி வாங்கியது இரண்டு பேருக்குமே நல்லதாகத்தான் முடிந்தது, ஏனென்றால் வாங்கியவர் அவர்களை அவர்கள் போக்கில் விட்டார், டிஸ்னியின் அனிமேஷன் பிரிவையே அவர்கள் கையில் கொடுத்தார். அப்படி நடப்பது அபூர்வம். உன் கதையை முதலில் எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது ஒரு வரியைக் கேட்டு வாங்கு: இத்தனை மாதத்துக்குள் எடுக்காவிட்டால் உரிமை எழுதியவனுக்கே திரும்ப வேண்டும். கம்பெனி கை மாறும்போது உன்னைக் காப்பாற்றுவது அந்த ஒரு வரிதான். வக்கீலுக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை.

இணைப்புச் செய்தி வந்தால் பங்கு ஏறுகிறதே, வாங்கிப் போடலாமா?
*– தனியார் வங்கி ஊழியர், ஃபேர்லேண்ட்ஸ்*

பங்கு ஆலோசனை சொல்ல எனக்கு லைசென்ஸ் இல்லை, தைரியமும் இல்லை. ஒரு வரலாறு மட்டும் சொல்கிறேன். இந்த வார்னர் 1990-ல் டைம் பத்திரிகைக் கம்பெனியோடு சேர்ந்தது. 2000 ஜனவரியில் இன்டர்நெட் மோகத்தின் உச்சியில் ஏஓஎல் என்ற இன்டர்நெட் கம்பெனியோடு சேருவதாக அறிவித்து 2001 ஜனவரியில் சேர்ந்தது, இதுதான் எதிர்காலம் என்றார்கள், 2002-ஆம் வருடக் கணக்கில் 9,800 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் எழுதினார்கள். 2018-ல் ஏடி அண்ட் டி, 2022-ல் டிஸ்கவரி. இப்போது நெட்ஃபிளிக்ஸா பாரமவுண்டா என்று அடுத்த சுற்று. ஒவ்வொரு முறையும் சிரித்த முகத்தோடு இரண்டு தலைவர்கள் கைகுலுக்கும் போட்டோ இருக்கிறது, வேண்டுமானால் தேடிப் பாருங்கள். எல்லாச் சுற்றிலும் தவறாமல் காசு பார்த்தவர்கள் வக்கீல்களும் முதலீட்டு வங்கிக்காரர்களும்தான். நீங்கள் வங்கியில்தானே இருக்கிறீர்கள், அந்தப் பக்கம் ஒரு வேலை தேடலாம்.

நெட்ஃபிளிக்ஸ், வார்னர் எல்லாம் எங்களுக்கு எதற்கு. சன் டிவியை யாராவது வாங்குவார்களா, அதைச் சொல்லுங்கள்.
*– மரவள்ளி விவசாயி, ஆத்தூர்*

வாங்க ஆசைப்படுகிறவர்கள் இருக்கலாம், ஆனால் பாரமவுண்ட் வேலை இங்கே நடக்காது. வார்னரில் பெரிய முதலாளி என்று ஒருவர் கிடையாது, பங்கு ஆயிரக்கணக்கான கைகளில் சிதறிக் கிடக்கிறது, அதனால்தான் நேராகப் பங்குதாரரிடம் போய்க் கேட்க முடிந்தது. சன் டிவி நெட்வொர்க்கில் 75 சதவீதம் கலாநிதி மாறனிடம் இருக்கிறது. லிஸ்ட் ஆன கம்பெனியில் முதலாளித் தரப்பு அதற்கு மேல் வைத்துக்கொள்ளவும் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி விடாது. எவ்வளவு பெரிய பணக்காரர் வந்து ஊர் ஊராகப் போய்ப் பங்குதாரர்களைப் பிடித்தாலும் கைக்கு வரக்கூடியது மிச்சமிருக்கும் 25 சதவீதம். அவர் விற்கிறேன் என்று சொல்லும்வரை விற்பனை இல்லை, அப்படி அவர் சொன்னதாக இதுவரை நான் கேள்விப்படவும் இல்லை.